நாற்பத்திரண்டு பெட்டிகள்

வழக்கமாக நான் ஏற்றுவது மாடு.
சில நாள் சிமெண்டு. ஒருமுறை
ஒரு கல்யாணத்தின் மொத்த நாற்காலிகளும்.
முதலை ஏற்றியது அந்த ஒரே தடவைதான்.

வில்லாவிசென்சியோவில் இரவு ஒன்பதுக்குக் கிளம்பினோம்.
பகலில் போனால் வெந்துவிடும் என்றாள்
கால்நடை மருத்துவர் நோரெலி.
பெட்டிக்கு ஒன்று. வாயைச் சுற்றி ஒட்டுநாடா.
முதுகில் ஈரச் சாக்கு.
நீளம் ஒரு மீட்டர்,
என் கடைசிப் பையன் நிற்கும் உயரம்.

"மெதுவா, பள்ளம்" என்பாள் அடிக்கடி.
அந்த வழியில் பள்ளங்களுக்கு நடுவேதான்
கொஞ்சம் சாலை இருக்கிறது
என்பதை நான் சொல்லவில்லை.

புவெர்தோ கைத்தான் தாண்டி ராணுவச் சாவடி.
டார்ச் பிடித்த பையனுக்கு
மீசை இன்னும் முடிவாகவில்லை.
என்ன சரக்கு?
முதலை.
சிரித்தான்.
பிறகு பலகை இடுக்கில் வெளிச்சத்தை நுழைத்தான்.
அது திரும்பி வந்தது,
கங்கு நிறத்தில் இரண்டு துளியாக.
காகிதம் எதையும் பார்க்காமல் தடுப்பைத் தூக்கினான்.
வண்டி நகரும்போது கேட்டான்:
"அம்மா எங்கே?"
யாருடைய அம்மா என்று எனக்கு விளங்கக்
கொஞ்ச தூரம் ஆனது.

தூக்கம் வராமலிருக்க நோரெலி பேசிக்கொண்டே வந்தாள்.
இதே மாதிரி விளக்கடித்து,
இதே மாதிரி கண் மின்னும் இடத்தில் சுட்டார்களாம்.
தோல் கப்பல் கப்பலாகப் போனதாம்.
இரண்டு நாட்டு ஆறுகளிலும் இன்று
வளர்ந்தவற்றை எண்ணினால்
ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அடங்கிவிடுமாம்.
என் கை தானாக இடுப்புக்குப் போனது.
பெல்ட். சந்தையில் பழசாக வாங்கியது,
சதுரம் சதுரமாய், தேய்ந்து, நல்ல உழைப்பு.
டீசல் போட இறங்கும்போது
சட்டையை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டேன்.

விடிந்தபோது தோமோ ஆறு.
கரையில் கெளுத்தி அறுத்துக்கொண்டிருந்த ஒருத்தி
கத்தியைக் கழுவாமலே எழுந்து வந்தாள்.
எதில்மா என்று பெயர்.
"இங்கேதான் துவைக்கிறோம்.
இங்கேதான் பிள்ளைங்க குதிக்கும்."
இப்போது இவை நண்டும் மீனும்தான் தின்னும் என்றாள் நோரெலி.
முக்கால்வாசி பிழைக்காது.
பெரிதாகி நிற்பது மூன்றோ நாலோ.
"அந்த மூணும் எங்கே நிக்கும்?"

நோரெலி ஆற்றைப் பார்த்தாள்.
தெரியாது என்றாள்.

அதுவரை அவள் சொன்னதில்
இந்த ஒன்றைத்தான் எதில்மா நம்பினாள் என்று நினைக்கிறேன்.
"அப்போ அக்கரையில விடுங்க.
அந்த மணல்திட்டுக்கு யாரும் போறதில்லை.
படகு என்னோடது."
நடைக்கு ஆறு பெட்டி, ஏழு நடை.
கூலி கேட்டாள். பேரம் பேசாமல் கொடுத்தோம்.

நாடாவை அறுத்த பிறகும்
அவை வாயைத் திறக்கவில்லை,
இன்னும் கட்டியிருப்பதாகவே நினைத்து.
ஒவ்வொன்றாய் மணலில் கிடந்து, யோசித்து,
தண்ணீருக்குள் ஒரு கோடாய்ப் போயின.
கடைசிப் பெட்டிக்காரன் நகர மறுத்தான்.
பின்பக்கம் தூக்கித் தள்ளச் சொன்னாள்.
தூக்கினேன்.
என் உள்ளங்கையில் அதே சதுரங்கள்,
குளிர்ந்து, உள்ளே மூச்சு ஏறி இறங்க.
அவள் என் இடுப்பைப் பார்த்தாள்.
சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.
எதுவும் சொல்லவில்லை.

அந்த பெல்ட்டை இன்னும் போடுகிறேன்.
வேறு இல்லை.

அடுத்த ஆண்டு, ஆறு வற்றியிருந்த ஒரு மாதம்,
எதில்மா போன் செய்தாள்.
மணலில் வால் இழுத்த தடம் பார்த்தாளாம்,
துடுப்பின் அகலத்துக்கு.
சந்தோஷமா, பயமா,
குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.
பின்னால் யாரோ துணியை அடித்துத் துவைக்கும் சத்தம்.
"துவைக்கிற கல்லை" என்றாள்,
"கொஞ்சம் மேலே நகர்த்திட்டோம்."